மூன்று மில்லிமீட்டர்

புதுக்கடை சந்தையில் மீன்கூடைகள் கழுவுகிற நேரம்.
மாடியில், என் நாற்காலியில்,
தூத்தூர் சிலுவடிமை வாய் திறந்து படுத்திருந்தார்.
கீழ்வரிசை, வலதுபக்கம்,
கடைசிக்கு முந்தின கடைவாய்ப்பல்.
முன்வேர் வளைந்திருந்தது
பேச்சிப்பாறைக்கு ஏறும் சாலை மாதிரி.
தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பியை
அதற்குள் திருகிக்கொண்டிருந்தேன்.

விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது.
சத்தம் இல்லை.
பிடித்திருந்த இறுக்கம் சட்டென்று போயிற்று,
பேசும்போதே ஃபோன் கட்டானதுபோல.
வெளியே எடுத்துப் பார்த்தால்
கம்பி குட்டையாய் இருந்தது.

ஷீபா பார்த்தாள்.
பார்க்காதவள்போல பஞ்சுருண்டைகளை எண்ணத் தொடங்கினாள்.
எக்ஸ்ரேயில் வேரின் நுனிக்குள் வெள்ளையாய் ஒரு கோடு.
மூன்று மில்லிமீட்டர்.
அதன்மேல் நான் அடைக்கப்போகிற மருந்தும்
படத்தில் வெள்ளையாய்த்தான் விழும்.
வெள்ளைக்குள் வெள்ளையை யார் பிரித்துப் பார்ப்பார்?

பாத்ரூமில் நின்று
மார்த்தாண்டம் சீனியருக்கு ஃபோன் செய்தேன்.
"எல்லாருக்கும் முறியும். சீல் பண்ணி அனுப்பு.
சொன்னா பயப்படுவான்,
பயந்தவன் திரும்ப வரமாட்டான்."
அவர் கெட்டவர் இல்லை.
என் நாற்காலிக்கு மாதத்தவணை எவ்வளவு என்று
அவருக்குத் தெரியும்.

பாதி உதடு மரத்துக் கிடந்தவரிடம் படத்தைக் காட்டினேன்.
"கம்பி முறிந்துவிட்டது" என்றேன்.
பிறகு,
"முறித்துவிட்டேன்" என்று திருத்தினேன்.
மாறியது கொஞ்சம் எழுத்துத்தான்.
அதற்கே தொண்டை உலர்ந்தது.

எடுக்கப்போனால் வேர் போகலாம்.
உள்ளேயே கிடந்தால்
ஆயுசுக்கும் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம்,
இரண்டு வருஷத்தில் வீங்கவும் செய்யலாம்.
நாகர்கோவிலில் இதற்கென்றே படித்தவர் உண்டு,
கடிதம் தருகிறேன்.
எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது.
(பரீட்சையில் எழுதியிருந்தால்
இந்தக் கடைசி வரிக்கு மார்க் கிடையாது.)

நெடுநேரம் படத்தையே பார்த்தார்.
"துருப்பிடிக்குமா?"
"இல்லை."
"சுறா வாயில பாத்திருக்கேன்.
பழைய தூண்டிமுள்ளு கிடக்கும், தசை மூடிப்போயி.
அதோட தின்னும், அதோட நீந்தும்.
ஆனா ஒண்ணு, டாக்டரே.
முள்ளு போட்டவன் சுறாகிட்ட வந்து சொல்லமாட்டான்."

சிரித்தாரா, மரத்த உதடுதான் கோணிற்றா, தெரியவில்லை.
பணம் வேண்டாம் என்றேன்.
பாதியை எண்ணி மேசையில் வைத்தார்.
"பாதி வேலை நடந்திருக்கே, கேட்டியளா."

கேப் போட வரவேண்டிய புதனில் வரவில்லை.
அடுத்த புதனிலும்.
ஃபோன் அணைந்தே கிடந்தது.
சீனியர் மறுபடி கேட்கவில்லை, அதுவே கேட்டதுபோல் இருந்தது.
ஒவ்வொரு கம்பியையும் விளக்கடியில் பிடித்து
திருகு விலகியிருக்கிறதா என்று பார்ப்பது பழக்கமாயிற்று.
சொல்லாமலே ஷீபாவும் பார்க்கத் தொடங்கினாள்.

நாற்பத்தெட்டாம் நாள்,
கொச்சிக்கு அப்பால் ஆழ்கடலில் கிடந்து திரும்பியவர்
தோல் உரிந்த மூக்கோடு வாசலில் நின்றார்.
"ரெண்டு நாள் நொந்துது. பிறகு மறந்துபோச்சு."
பின்னால் அவர் மனைவி மரிய புஷ்பம்
கன்னத்தில் கைக்குட்டையை அழுத்தியபடி.

அவளுக்கும் கடைவாய். அவளுக்கும் வளைந்த வேர்.
ஊசி போட்டேன். விளக்கைத் திருப்பினேன்.
திறந்த வாயை மறுபடி மூடிக்கொண்டாள்.
"முறிஞ்சா சொல்லுவியளா?"
"சொல்லுவேன்."
"அவருகிட்ட இல்ல. எனக்கிட்ட."
"உங்களிடம்தான்."

திறந்தாள்.

முதல் குழல் முடிந்தது.
கம்பியை ஷீபாவிடம் நீட்டினேன்.
தட்டில் போடவில்லை அவள்.
நீளம் அளந்தாள்,
மரிய புஷ்பத்தின் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள்.
மரிய புஷ்பம் இமையை ஒருமுறை மூடித் திறந்தாள்.

இன்னும் இரண்டு குழல் பாக்கி.